ஒரு டாலராகவே இருப்பது ஏன் இவ்வளவு கடினம்? பரவலாக்கப்பட்ட ஸ்டேபிள்காயின்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

பொதுவாக ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்க முயலும் கிரிப்டோ நாணயத்துக்கு ஸ்டேபிள்காயின் என்று பெயர். அந்த ஒரே சொல்லை, அடிப்படையிலேயே வேறுபட்ட மூன்று ஏற்பாடுகளுக்கு நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 2022 மே மாதம் டெரா வலையமைப்பின் யூஎஸ்டி (UST) நாணயம் ஒரே வாரத்தில் சரிந்தபோது, ஸ்டேபிள்காயின் என்பதே ஏமாற்று வேலை என்று ஒரு சாரார் முடிவு கட்டினார்கள். அதே வாரத்தில் டாய் என்னும் இன்னொரு நாணயம் ஒரு டாலரை விட்டு நகராமல் நின்றதைக் காட்டி, சரியாகக் கட்டினால் வங்கியும் நிறுவனமும் இல்லாமலே ஒரு டாலரை உருவாக்கிவிடலாம் என்று இன்னொரு சாரார் வாதிட்டார்கள். பத்து மாதம் கழித்து அமெரிக்காவில் ஒரு வங்கி மூடப்பட்டபோது, அந்த டாயும் ஏறத்தாழ 90 சென்ட்டுக்கு இறங்கியது. இரு சாராருமே பாதி சரி, பாதி தவறு.

ஏறி இறங்கும் ஒரு பொருளின் மேல் ஏறாத, இறங்காத ஒரு நாணயத்தைக் கட்டும்போது, அந்த ஏற்ற இறக்கம் எங்கும் மறைந்துபோவதில்லை. யாரோ ஒருவர் அதைத் தம் தலையில் வாங்கிக்கொள்வதால்தான் மற்றவர் கையிலுள்ள நாணயம் ஆடாமல் இருக்கிறது. அப்படி வாங்கிக்கொள்பவர் யார், அவரால் எவ்வளவு தாங்க முடியும், தாங்க முடியாத நாளில் என்ன நடக்கும் என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால், இந்தத் துறையின் சிக்கல்களில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும்.

## உணவு அரங்கின் கார்டு

பெரிய வணிக வளாகங்களின் உணவு அரங்கில் நேராகக் கடைக்காரரிடம் பணம் கொடுக்க முடியாது. வாசலில் 500 ரூபாய் கட்டி ஒரு கார்டு வாங்குகிறோம். தோசைக்கும் பழச்சாறுக்கும் அதில் கழித்துக்கொள்கிறார்கள். மீதியை வெளியேறும்போது திரும்பப் பெறுகிறோம். கார்டில் இருக்கும் ரூபாயும் நம் பையில் இருக்கும் ரூபாயும் ஒரே மதிப்பு என்று நாம் நம்புவதற்கு ஒரே காரணம், நாம் கட்டிய பணம் கல்லாவில் அப்படியே இருக்கிறது என்ற எண்ணம்தான்.

டெதர், யூஎஸ்டிசி போன்ற பெரிய ஸ்டேபிள்காயின்கள் இந்த வகை. ஒரு நிறுவனம் டாலரைப் பெற்றுக்கொள்கிறது, வங்கியிலோ அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களிலோ அதை வைக்கிறது, அதே அளவு நாணயத்தை வெளியிடுகிறது. நாணயம் ஓடும் இடம் பிளாக்செயின், அதாவது எவரும் தனியாகத் திருத்த முடியாதபடி ஆயிரக்கணக்கான கணினிகள் ஒருசேரப் பராமரிக்கும் பொதுக் கணக்கேடு. ஆனால் அதன் மதிப்பு இருக்கும் இடம் அந்தக் கணக்கேட்டுக்கு வெளியே, ஒரு நிறுவனத்தின் கல்லாவில். அந்த நிறுவனம் நினைத்தால் ஒருவரது நாணயத்தை முடக்கலாம். 2022 ஆகஸ்டில் டொர்னேடோ கேஷ் என்ற சேவையின் மீது அமெரிக்க நிதித்துறை தடை விதித்தபோது, அந்த முகவரிகளில் இருந்த யூஎஸ்டிசியை அதன் வெளியீட்டாளரான சர்க்கிள் முடக்கியது. சட்டப்படி அதற்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும் முடக்கும் சாவி ஒருவர் கையில் இருக்கிறது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்படியொரு சாவியே இல்லாத, கல்லாவும் கணக்கேட்டுக்குள்ளேயே இருக்கிற நாணயத்தைத்தான் பரவலாக்கப்பட்ட ஸ்டேபிள்காயின் என்கிறார்கள். சொல்வது எளிது. கணக்கேட்டுக்குள் டாலர் கிடையாது என்பதுதான் முதல் சிக்கல். அங்கே பிறந்த சொத்து, எத்தீரியம் என்ற பிளாக்செயினின் நாணயமான ஈத்தர் போன்ற கிரிப்டோ மட்டும்தான். அதன் விலையோ ஒரே நாளில் பாதியாகக்கூடியது.

## நகைக்கடன் கவுன்ட்டர்

இந்த இடத்தில் நமக்கு உதவுவது நகைக்கடன். சங்கிலியைக் கொண்டுபோய் வைக்கிறோம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்து, எடை போட்டு, இத்தனை ரூபாய் பெறும் என்கிறார். முழு மதிப்புக்கும் கடன் தருவதில்லை. நூறு ரூபாய் நகைக்கு எழுபத்தைந்து ரூபாய் என்பது போல ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறார்கள். தங்கம் விலை கொஞ்சம் இறங்கினாலும் கொடுத்த கடன் மூழ்கிவிடக்கூடாது என்பதற்கான இடைவெளி அது. வட்டியும் முதலும் கட்டினால் நகை திரும்ப வரும். கட்டாவிட்டால் ஏல நோட்டீஸ் வரும்.

டாய் ஏறக்குறைய இதே ஏற்பாடு. டென்மார்க்கைச் சேர்ந்த ரூன் கிறிஸ்டென்சன் தொடங்கிய மேக்கர் திட்டம் 2017 டிசம்பரில் அதை வெளியிட்டது. நகைக்குப் பதில் ஈத்தர். அடகுக் கடைக்காரருக்குப் பதில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயின் மேல் யாருடைய ஒப்புதலும் இன்றித் தானே இயங்கும் நிரல். கடனாகக் கிடைக்கும் ரூபாய்க்குப் பதில் அந்த நிரல் அப்போதே புதிதாக அச்சடித்துத் தரும் டாய். பிணையாக வைக்கும் பொருளை இனி ஈடு என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஈத்தர் 1,000 டாலர் விற்கும் நாளில் ஒருவர் 3 ஈத்தரை ஈடாக வைக்கிறார். மதிப்பு 3,000 டாலர். கடனைப்போல் ஒன்றரை மடங்கு ஈடு எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி என்றால், அவர் அதிகபட்சம் 2,000 டாய் எடுக்கலாம். அவர் எச்சரிக்கையான ஆள். 1,500 டாய் மட்டுமே எடுக்கிறார். ஈத்தர் 750 டாலருக்கு இறங்கினால் அவரது ஈடு 2,250 டாலராகிறது. அது 1,500-க்குச் சரியாக ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் ஒரு டாலர் இறங்கினாலும் அவரது ஈட்டை நிரல் ஏலத்துக்கு அனுப்பிவிடும். கடனுடன் 13 விழுக்காடு அபராதமும் சேர்த்து 1,695 டாலர் அளவுக்கு, அதாவது சுமார் 2.26 ஈத்தர் போய்விடும். மிச்சம் முக்கால் ஈத்தருக்கும் சற்றுக் குறைவாக அவருக்குத் திரும்பும். நோட்டீஸ் வராது, தவணை கேட்க முடியாது, மேலாளரைப் பார்த்துப் பேச முடியாது.

இங்கே விலையின் ஆட்டத்தைத் தலையில் வாங்கிக்கொள்பவர் கடன் வாங்கியவர். ஈத்தர் ஏறினால் லாபம் முழுவதும் அவருக்கு. இறங்கினால் முதல் அடியும் அவருக்கு. டாயைக் கையில் வைத்திருப்பவர் இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறார். அதனால்தான் இந்த வகை நாணயம் தேவைக்கு ஏற்ப வளர்வதில்லை. ஸ்டேபிள்காயின் வேண்டும் என்று பத்துப் பேர் கேட்பதால் புதிய டாய் பிறந்துவிடாது. ஈத்தரை அடகு வைத்துக் கடன் வாங்க யாராவது விரும்பினால்தான் பிறக்கும்.

## விலையை டாலரோடு கட்டுவது எது?

ஈடு போதுமான அளவு இருக்கிறது என்பது வேறு, சந்தையில் ஒரு டாய் ஒரு டாலருக்கு விற்கிறது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது பரவலான தவறு.

டாய் 97 சென்ட்டுக்கு இறங்கினால், கடன் வாங்கியவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு; சந்தையில் மலிவாக வாங்கி, ஒரு டாலர் கணக்கில் கடனை அடைக்கலாம். வாங்குவோர் கூடுவதால் விலை ஏறும். கடன் வட்டியை உயர்த்தியும் இந்தப் போக்கைத் தூண்டலாம். மாறாக, டாய் 1.03 டாலருக்கு ஏறினால், புதிதாக ஈடு வைத்து டாய் எடுத்து அந்த விலைக்கு விற்கலாம். டாயின் வரத்து கூடி விலை இறங்கும்.

முதல் வழி உறுதியானது. இரண்டாவது வழி, ஈத்தரை அடகு வைக்க ஆள் இருக்கும் நாளில் மட்டுமே வேலை செய்யும். ஈத்தர் செங்குத்தாக விழும் நாளில், நாளை இன்னும் விழும் என்று அஞ்சும் ஒருவர் அதை அடகு வைத்துக் கடன் வாங்க முன்வரமாட்டார். நிலைத்தன்மை மிகவும் தேவைப்படும் அந்த நாளில்தான் இந்தக் கை சோர்ந்துபோகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஈடு கடனைவிடக் கூடுதலாக வைக்கப்படுகிறது, குறைந்தால் ஏலம் போகிறது, லாபம் தேடுவோரின் கொடுக்கல் வாங்கல் விலையை டாலருக்கு அருகில் இழுத்துவைக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் தடுமாறிய நாள் ஒன்று உண்டு.

## ஏலம் கேட்க ஆளில்லாத நாள்

2020 மார்ச் 12, கொரோனா அச்சத்தில் உலகச் சந்தைகள் எல்லாம் சரிந்த வியாழக்கிழமை. ஈத்தரின் விலை 24 மணி நேரத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. மேக்கரின் விதிப்படி கணக்கு கணக்காக ஈடுகள் ஏலத்துக்கு வந்தன.

அந்த ஏலத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஈத்தர் 50, 50 ஆகப் பிரித்து ஏலம் விடப்படும். ஏலம் கேட்பவை பெரும்பாலும் மனிதர்கள் அல்ல; கீப்பர் எனப்படும் தானியங்கி நிரல்கள். அவை டாயைக் கொடுத்து ஈத்தரை வாங்கும். ஓர் ஏலக் கேள்வி வந்த பின் பத்து நிமிடத்துக்குள் யாரும் அதற்கு மேல் கேட்காவிட்டால் ஏலம் முடிந்துவிடும். சாதாரண நாளில் பத்து நிமிடம் தாராளம். அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கவும் கடனை அடைக்கவும் முண்டியதால், எத்தீரியத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்ட வேண்டிய கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. பழைய கட்டணத்திலேயே கேள்வியை அனுப்பிய கீப்பர்கள் வரிசையில் சிக்கிக்கொண்டன. வேறு சில கீப்பர்களிடம் டாயே தீர்ந்துபோயிருந்தது. இதைக் கவனித்துவிட்ட ஒரு சிலர், கூடுதல் கட்டணம் கட்டி, 50 ஈத்தருக்குப் பூஜ்ஜியம் டாய் என்று கேட்டார்கள். பத்து நிமிடம் கழிந்தது. எதிர்க்கேள்வி வரவில்லை. நிரல் தன் விதியைச் சிறிதும் மீறாமல் அந்த ஈத்தரை அவர்களிடம் ஒப்படைத்தது.

இப்படிப் பூஜ்ஜியத்துக்குப் போன ஈத்தரின் மதிப்பு 80 லட்சம் டாலரைத் தாண்டியது. ஏலம் போனாலும் அபராதம் போக மிச்சம் வரும் என்று நம்பியிருந்த கடனாளிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. டாய்க்குப் பின்னால் இருக்க வேண்டிய ஈட்டில் 50 லட்சம் டாலருக்கு மேல் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப, மேக்கரின் விதிகளை முடிவு செய்ய வாக்குரிமை தரும் டோக்கனான எம்கேஆர் புதிதாக அச்சடிக்கப்பட்டு விற்கப்பட்டது. ஏற்கெனவே அதை வைத்திருந்தவர்களின் பங்கு அந்த அளவுக்கு நீர்த்துப்போனது. ஆட்டத்தைத் தாங்கும் வரிசையில் கடனாளிக்கு அடுத்து நிற்பவர் யார் என்பது அன்றுதான் நடைமுறையில் தெரிந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த நெருக்கடியில் டாயின் விலை விழவில்லை, ஏறியது. கடனை அடைக்க எல்லோருக்கும் டாய் வேண்டியிருந்தது, புதிதாக உருவாக்குவோர் இல்லை. ஆகவே ஒரு டாலர் கடனை அடைக்க ஒரு டாலருக்கு மேல் செலவிட வேண்டியிருந்தது. மேலே சொன்ன இரண்டாவது கை சோர்ந்துபோவது இப்படித்தான்.

## பின்வாசல் வழியாக வந்த டாலர்

டாயின் விலையை இறக்க, மேக்கரின் வாக்காளர்கள் சில நாட்களுக்குள்ளேயே ஒரு முடிவெடுத்தார்கள். ஈத்தரோடு யூஎஸ்டிசியையும் ஈடாக ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் ஒரு யூஎஸ்டிசி கொடுத்தால் ஒரு டாய், ஒரு டாய் கொடுத்தால் ஒரு யூஎஸ்டிசி என்று நேரடியாக மாற்றிக்கொள்ளும் சாளரம் ஒன்றையும் திறந்தார்கள்.

பொறியியல் என்று பார்த்தால் அது அருமையான தீர்வு. டாய் 1.01 டாலர் ஆனாலே யாராவது யூஎஸ்டிசியைக் கொண்டுவந்து மாற்றிவிடுவார்கள்; விலை நூல் பிடித்தாற்போல் நின்றது. 2022 மே மாதம் டாய் அசையாமல் இருந்ததற்கு இந்தச் சாளரமும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒரு கட்டத்தில் டாயின் பின்னால் இருந்த ஈட்டில் பாதிக்கு மேல் யூஎஸ்டிசியாகவே ஆகிவிட்டது. நிறுவனத்தின் கல்லாவை நம்ப வேண்டாம் என்று தொடங்கிய நாணயம், அந்தக் கல்லாவின் ரசீதையே தன் கல்லாவில் அடுக்கி வைத்துக்கொண்டது.

2023 மார்ச் 10 வெள்ளிக்கிழமை கலிஃபோர்னியாவில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. தன்னிடமிருந்த சுமார் 4,000 கோடி டாலர் இருப்பில் 330 கோடி டாலர் அந்த வங்கியில் இருப்பதாகச் சர்க்கிள் அன்றிரவு அறிவித்தது. வங்கிகளுக்கு வார விடுமுறை. கிரிப்டோ சந்தைக்கு விடுமுறையே கிடையாது. மறுநாள் யூஎஸ்டிசி 90 சென்ட்டுக்கும் கீழே போனது. சாளரம் இரு பக்கமும் திறந்திருந்ததால், விழுந்துகொண்டிருந்த யூஎஸ்டிசியைக் கொண்டுவந்து டாயாக மாற்றிக்கொள்ள எல்லோரும் விரைந்தார்கள். டாயும் கூடவே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை, வங்கியின் வைப்பாளர்கள் எல்லோருக்கும் முழுப்பணமும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்த பிறகே இரண்டும் மீண்டன. பரவலாக்கப்பட்ட ஒரு நாணயத்தை அன்று காப்பாற்றியது அமெரிக்க நிதித்துறையும் மத்திய வங்கியும் சேர்ந்து விட்ட அறிக்கை.

இதை ஏமாற்று என்று சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. ஈடு என்ன என்பது எல்லோரும் பார்க்கும்படி கணக்கேட்டிலேயே இருந்தது. ஒரு டாலரை விட்டு நகரக்கூடாது என்ற கோரிக்கையும், வெளியாள் எவரையும் நம்பக்கூடாது என்ற கோரிக்கையும் மோதும்போது, பயனாளிகள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். திட்டமும் அவர்கள் பின்னால் போனது.

## உரைகல்லைப் பிடித்திருப்பவர்

நகைக்கடன் கவுன்ட்டரில் இருந்த மதிப்பீட்டாளரை நாம் மறந்துவிட்டோம். ஈத்தரின் விலை 750 டாலருக்கு வந்துவிட்டது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? பிளாக்செயினுக்குத் தன் கணக்கேட்டைத் தவிர வெளியுலகம் தெரியாது. வெளியே உள்ள விலையை உள்ளே கொண்டுவந்து எழுதும் ஏற்பாட்டுக்கு ஆரக்கிள் என்று பெயர்.

மதிப்பீட்டாளர் பித்தளையைத் தங்கம் என்று எழுதிவிட்டால், கடையின் பெட்டகம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. 2020 நவம்பர் 26 அன்று காயின்பேஸ் சந்தையில் டாயின் விலை சிறிது நேரம் 1.30 டாலர் வரை எகிறியது. மற்ற இடங்களில் அப்படியொரு விலை இல்லை. ஆனால் காம்பவுண்ட் என்ற கடன் வழங்கும் நிரல் அந்த விலையை நம்பி, டாய் கடன் வாங்கியிருந்தவர்களின் கடன் திடீரென 30 விழுக்காடு பெருகிவிட்டதாகக் கணக்கிட்டு, 8 கோடி டாலருக்கு மேற்பட்ட ஈடுகளை விற்றுத் தீர்த்தது. நிரலில் பிழை எதுவும் இல்லை. அதன் காதில் விழுந்த விலைதான் தவறு.

பல இடங்களிலிருந்து விலையைத் திரட்டி நடுமதிப்பை எடுப்பது ஒரு தற்காப்பு. புதிய விலையை ஒரு மணி நேரம் தாமதித்து அமலாக்குவது மேக்கர் கையாண்ட இன்னொரு தற்காப்பு. தவறான விலை நுழைந்தால் தடுத்து நிறுத்த அவகாசம் கிடைக்கும். ஆனால் விலை உண்மையிலேயே சரியும் நாளில் அந்த ஒரு மணி நேரம் நிரலைக் குருடாக்கிவிடும். இரண்டுக்கும் பொருந்தும் தாமதம் என்று ஒன்று கிடையாது.

எந்த விலைகளை நம்புவது, எதை ஈடாக ஏற்பது, எவ்வளவு வட்டி வாங்குவது என்பதையெல்லாம் யார் முடிவு செய்வது என்ற கேள்வி அடுத்து வருகிறது. வாக்குரிமை டோக்கன் வைத்திருப்போர் வாக்களித்து முடிவு செய்யலாம் என்றால், டோக்கனை விலைக்கு வாங்க முடிந்தவர் முடிவையும் வாங்கிவிடலாம். 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற ஸ்டேபிள்காயின் திட்டத்தில் அது நடந்தே விட்டது. ஒரே பரிமாற்றத்துக்குள் கடன் வாங்கி அதே பரிமாற்றத்துக்குள் திருப்பித் தந்துவிடும் வசதி ஒன்று கிரிப்டோ உலகில் உண்டு. அதன் மூலம் ஒருவர் ஏறக்குறைய 100 கோடி டாலர் கடன் எடுத்து, கணநேரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குரிமையைப் பெற்று, திட்டத்தின் சொத்தைத் தமக்கே மாற்றிக்கொள்ளும் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டுக் கடனையும் அடைத்துவிட்டார். திட்டத்துக்கு இழப்பு 18 கோடி டாலர் அளவில். அந்தத் தீர்மானங்களோடு உக்ரைனுக்கு 2,50,000 டாலர் நன்கொடை தருவதையும் அவர் சேர்த்திருந்தார் என்பது இந்தத் துறையின் விநோதங்களில் ஒன்று.

ஒரு திட்டத்தைக் கைப்பற்ற ஆகும் செலவு, கைப்பற்றினால் கிடைக்கும் தொகையைவிட அதிகமாக இருந்தால்தான் அது பாதுகாப்பாக இருக்கும். அந்தச் செலவை உயர்த்த வேண்டுமென்றால் வாக்குரிமை டோக்கனின் மதிப்பு உயர வேண்டும். அதற்குத் திட்டம் லாபம் ஈட்ட வேண்டும். லாபம் பயனாளிகளிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். பாதுகாப்பின் விலையைக் கடைசியில் கட்டுபவர் கடன் வாங்குபவர்தான்.

## ஈடே வேண்டாம் என்றவர்கள்

ஈட்டை ஒன்றரை மடங்கு முடக்கி வைப்பது செலவு பிடித்த வேலை. அதனால், ஈடு இல்லாமல் வெறும் விதிகளாலேயே விலையை நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப எழுகிறது. இந்த மூன்றாவது வகைக்கு அல்காரிதமிக் ஸ்டேபிள்காயின் என்று பெயர். டோ குவோன் இணைந்து நிறுவிய டெராஃபார்ம் லேப்ஸின் யூஎஸ்டி அதில் மிகப் பெரியது. உச்சத்தில் அதன் அளவு சுமார் 1,800 கோடி டாலர்.

ஓர் ஓட்டல் 100 ரூபாய் கூப்பன் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூப்பனைத் திருப்பிக் கொடுத்தால் ரூபாய் தரமாட்டார்கள். அதே ஓட்டலின் பங்குகளை அன்றைய விலையில் 100 ரூபாய் அளவுக்குப் புதிதாக அச்சடித்துத் தருவார்கள். ஓட்டலில் கூட்டம் இருக்கும்வரை கூப்பன் 100 ரூபாய்தான். கூட்டம் குறைந்து எல்லோரும் கூப்பனைத் திருப்பத் தொடங்கினால், பங்குகள் பெருகி விலை இறங்கும். இறங்கியதால் அடுத்த கூப்பனுக்கு இன்னும் அதிகப் பங்குகளை அச்சடிக்க வேண்டும்.

டெராவில் பங்கின் இடத்தில் இருந்தது லூனா டோக்கன். லூனா 100 டாலராக இருக்கும்போது 100 யூஎஸ்டியைத் திருப்பினால் பிறப்பது ஒரு லூனா. லூனா 1 டாலரானால் 100 பிறக்கும். 1 சென்ட்டானால் 10,000. 2022 மே 7-க்குப் பிறகு நடந்தது இந்தக் கணக்குதான். அதற்கு முன், ஆங்கர் என்ற சேவை யூஎஸ்டி வைப்புக்கு ஆண்டுக்கு 20 விழுக்காட்டை ஒட்டி வட்டி கொடுத்துக்கொண்டிருந்ததால், யூஎஸ்டியில் பெரும்பகுதி அங்கேயே குவிந்திருந்தது. வட்டிக்காக வந்த பணம் பயம் வந்ததும் ஒரே வாசல் வழியாக வெளியேற முயன்றது. சுமார் 35 கோடியாக இருந்த லூனாவின் எண்ணிக்கை சில நாட்களில் 6.5 லட்சம் கோடியைத் தொட்டது. விலை ஒரு சென்ட்டின் மிகச் சிறு பின்னமாகியது. காப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த சுமார் 80,000 பிட்காயினும் அந்த வெள்ளத்தில் போயிற்று. டோ குவோன் பின்னர் மாண்டினீக்ரோவில் கைதாகி, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2025 ஆகஸ்டில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதில் ஆட்டத்தைத் தாங்க வேண்டியவர் லூனா வைத்திருந்தவர். ஆனால் யூஎஸ்டிக்குத் தேவை இருக்கும் என்ற நம்பிக்கையைத் தவிர லூனாவின் மதிப்புக்கு வேறு பெரிய அடிப்படை இல்லை. தாங்குபவரின் பலம் தாங்கப்படுவதிலிருந்தே வருமானால், ஒன்று விழும்போது மற்றதும் விழும். நகைக்கடனில் நகையின் மதிப்பு கடைக்காரரின் பெயரைச் சார்ந்திருப்பதில்லை; ஈட்டுக்கும் ஈடு போன்ற தோற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு அதுதான்.

## பிடிவாதக்காரர்கள் கொடுத்த விலை

டாலர் ரசீதும் வேண்டாம், வெறும் விதியும் வேண்டாம் என்று நின்றவர்களும் இருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் வந்த லிக்விட்டியின் முதல் பதிப்பு, ஈத்தரை மட்டுமே ஈடாக ஏற்கிறது, அதன் நிரலை எவரும், உருவாக்கியவர்கள்கூட, மாற்ற முடியாது, வாக்கெடுப்பு கிடையாது. பூஜ்ஜிய ஏலத்தின் பாடத்தை அது நன்றாகக் கற்றிருந்தது. ஏலம் கேட்க ஆள் வருமா என்று அவசர நேரத்தில் காத்திராமல், அதன் நாணயமான எல்யூஎஸ்டியை முன்கூட்டியே போட்டு வைப்பவர்களின் பொதுத்தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு கணக்கு முழுகினால் தொட்டியிலுள்ள நாணயத்தால் அதன் கடன் அடைக்கப்பட்டு, ஈத்தர் தொட்டிக்காரர்களுக்குப் பங்கிடப்படும். எல்யூஎஸ்டி வைத்திருக்கும் எவரும் அதைக் கொடுத்து ஒரு டாலர் மதிப்புள்ள ஈத்தரைக் கேட்கலாம் என்பதால் விலைக்கு உறுதியான தரையும் உண்டு. அந்த ஈத்தர் ஈடு மிகக் குறைவாக வைத்திருக்கும் கடனாளியின் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அவர் கேட்காமலே அவரது கடன் அடைபட்டு, ஈத்தரும் குறையும். ஏறும் சந்தையில் ஈத்தரை இழக்க விரும்பாதவருக்கு இது எரிச்சலூட்டும் விதி. டாயின் அளவுக்கு எல்யூஎஸ்டி வளரவேயில்லை.

ராய் இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 பிப்ரவரியில் 3.14 டாலர் இலக்கோடு தொடங்கிய அந்த நாணயம் டாலரோடு கட்டப்படவே இல்லை. சந்தை விலை இலக்கைவிட ஏறினால் இலக்கையே மெல்ல இறக்கியும், இறங்கினால் ஏற்றியும், ஏர்கண்டிஷனரின் தெர்மோஸ்டாட் போலத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். டாலரின் மதிப்பே பணவீக்கத்தில் தேயும்போது, நீண்டகால நோக்கில் டாலரைப் பிடித்துக்கொள்வது சரியா என்ற கேள்வியை அது எழுப்பியது. கேள்வி நியாயமானது, பதிலை வாங்கத்தான் ஆளில்லை. வாடகை, சம்பளம், கடன் எல்லாவற்றையும் டாலரில் எண்ணுபவர், கையிலுள்ளது இன்று எத்தனை டாலர் என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட விரும்புவதில்லை.

ஈத்தரை மட்டும் ஈடாகக் கொள்ளும் எல்லோரையும் 2022 செப்டம்பருக்குப் பிறகு இன்னொரு சிக்கல் துரத்துகிறது. அந்த மாதம் எத்தீரியம் தன் இயங்குமுறையை மாற்றியது; ஈத்தரை வலையமைப்பின் பாதுகாப்புக்காகப் பூட்டி வைப்பவருக்கு ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டை ஒட்டி வருமானம் கிடைக்கிறது. இதற்கு ஸ்டேக்கிங் என்று பெயர். சும்மா கிடக்கும் நகையை அடகு வைப்பது ஒன்று. வாடகை தரும் வீட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துக் கடன் வாங்குவது வேறு. அந்த வருமானத்தைக் கைவிடக் கடனாளி தயங்குகிறார். ஸ்டேக்கிங் செய்த ஈத்தரின் ரசீதையே ஈடாக ஏற்கலாம்தான். ஆனால் 2022 ஜூனில் லிடோ சேவையின் அத்தகைய ரசீது, ஈத்தரைவிட ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்து விற்றது. ஈட்டின் விலை ஆடுவதோடு, ஈட்டின் ரசீதுக்கும் ஈட்டுக்கும் உள்ள இடைவெளியும் ஆடத் தொடங்கினால், தாங்க வேண்டிய சுமை இரண்டாகிறது.

## கடைசி ஆள் வெளியேறும்போது

டெரா சரிந்த அதே மே மாதத்தில், எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் ஒரு சோதனையை முன்வைத்தார். ஒரு ஸ்டேபிள்காயினின் பயனாளிகள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக வெளியேறிவிட்டால், கடைசி ஆளுக்கும் அவருடைய ஒரு டாலர் மதிப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். எல்லாத் திட்டங்களுக்கும் என்றாவது ஒருநாள் மவுசு குறையும் என்பதால், வளரும்போது நிலையாக இருப்பது மட்டும் போதாது. சுருங்கும்போதும் இருக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைச் சோதனை இல்லை. இரண்டு முடிவுகளும் நடந்திருக்கின்றன. டெராவின் பிளாக்செயின் 2022 மே 13 அன்று இயக்கம் நிறுத்தப்பட்டபோது, யூஎஸ்டி வைத்திருந்தவர்களிடம் மிஞ்சியது ஒரு டாலரில் சிறு பகுதி மட்டுமே. அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2020 மே 12 அன்று, மேக்கர் தன் முதல் நாணயத்தை மூடியது. 2017-இல் வெளிவந்த டாயின் பழைய வடிவம் அது. ஈத்தரை மட்டுமே ஈடாகக் கொண்டது. புதிய டாய் வந்த பிறகு சாய் என்று அழைக்கப்பட்டது. மூடிய நேரத்து விலையில் ஒரு சாய்க்கு இவ்வளவு ஈத்தர் என்று நிரல் கணக்கை உறையவைத்தது. சாய் வைத்திருந்தவர்கள் அதைக் கொடுத்துத் தங்கள் ஈத்தரை எடுத்துக்கொண்டார்கள். கடனாளிகள் தங்கள் மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.